முடியாவிட்டால் அண்ணன்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தேரடி வரைக்கும் போனபின், கேஸை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவள். பார்த்துவிட்டு மறுபடி பூட்டி, மறுபடி தேரடிக்குப் போனால், பார்த்தது ஞாபகம் இருக்கும், அணைந்திருந்ததா என்பது ஞாபகம் இருக்காது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்தோமா என்று பையைத் துழாவுவேன். பிழைப்பும் அதற்கேற்ற மாதிரிதான் அமைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மில்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு மென்பொருளில் என்னென்ன தப்பு வரக்கூடும் என்று தேடுவது என் வேலை. தப்பு வருமோ வருமோ என்று நினைப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

என் அண்ணன் எனக்கு நேர் எதிர். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். சரக்கு வைத்திருப்பவருக்கு லாரி, லாரி வைத்திருப்பவருக்குச் சரக்கு. ஆலங்குளத்து சிமெண்ட், வத்திராயிருப்புத் தேங்காய், ஊருக்குள் நெய்கிற பேண்டேஜ் துணி எல்லாம் அவர் சொல்லி ஏறி, அவர் சொல்லி இறங்கும். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, சில நாற்காலிகள், இரண்டு போன். மற்றதெல்லாம் வாய். வாடகை படிவது வாயால், தகராறு தீர்வது வாயால், "அண்ணாச்சி சொல்லிட்டாக" என்றால் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். கையெழுத்து கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போதே யோசிக்க வேண்டி வந்தால் மோதிரத்தால் மேசையைத் தட்டுவார். டொக், டொக் என்று அது லைனில் அந்தப் பக்கமும் கேட்கும். எங்கள் வீட்டில் நான் போன் பேசினால்கூட, பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தால், அண்ணன் வந்திருக்காரா என்று கேட்பார்கள்.

போன வருஷம் அவருக்குக் குரல்வளையில் கட்டி என்றார்கள். மதுரையில் ஆபரேஷன். டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார், உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் இருக்காது. எனக்கு அப்போது உயிர் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அண்ணனுக்கு இன்னொன்று விழுந்திருக்க வேண்டும். மயக்க ஊசி போடப் போகும் நேரத்தில் போனைக் கேட்டு வாங்கி, தேங்காய் வண்டி கிளம்பிவிட்டதா என்று விசாரித்தார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறார். அதன் மேல் வெள்ளைத் துணி கட்டியிருப்பார். வீட்டில் சைகை. அவசரத்துக்கு மோதிரத் தட்டு. நீளமாகச் சொல்ல வேண்டியதை ஒற்றை விரலால் போனில் டைப் அடித்துக் காட்டுவார். ஊருக்கு மட்டும் இது தெரியக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. அண்ணன் மனைவி, எங்கள் மதினிதான் போனை எடுத்து, எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "தொண்டப் புண்ணு. டாக்டர் கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாதுன்னுட்டாரு." டிரைவர்கள் மதினியிடம் நலம் விசாரிப்பார்கள், பிள்ளைகள் படிப்பைக் கேட்பார்கள், லோடைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். "சரி மதினி, அண்ணாச்சி பேசுத பொறவு கூப்பிடுதேன்." கூப்பிட மாட்டார்கள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் இன்னொரு புக்கிங் ஆபீஸ் உண்டு. நம் வண்டிகள் அங்கே போய் நிற்பதை அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எனக்கு டைப் அடித்துக் காட்டினார்: "ஊமையன்ட்ட எவன் லோடு குடுப்பான்."

அந்த ஆபீஸ் மூடினால் அண்ணன் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறை வராது. வேலை இல்லாமல் அவர் அந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியில் ஏ.ஐ. ஏஜென்ட் எழுதுவதற்கென்று ஒரு புது மொழியைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஏஜென்ட் என்றால் பெரிய விஷயமில்லை. போனை எடுக்கும், சொல்வதைக் கேட்கும், என்ன செய்யலாம் என்று தானே முடிவு பண்ணி, செய்யும். வழக்கமாக இதற்கு நாலு வரி வெறும் பேச்சில் எழுதி விட்டுவிடுவார்கள், நீ இப்படி நடந்துகொள், அப்படி நடந்துகொள் என்று. அது எப்படி நடந்துகொள்ளும் என்பது நடந்த பிறகுதான் தெரியும். என்னைப் போன்றவளுக்கு அது ஆகுமா? இந்த மொழி வேறு மாதிரி. ஏஜென்ட் யார், அதற்கு என்ன வேலை, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எந்தக் கேள்விக்கு எந்த வழி, எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பைலர் என்று ஒன்று உட்கார்ந்து முழுவதையும் படிக்கும். ஒரு ஓட்டை இருந்தாலும் ஓட விடாது. தப்பு நடப்பதற்கு முன்பே தப்பைச் சொல்லிவிடும் என்றார் வகுப்பெடுத்தவர். எனக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்தது போலிருந்தது. அண்ணன் ஆபீஸ் போனை எடுக்க ஒரு ஏஜென்ட் எழுதுவது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

ஆரம்பம் நன்றாக இல்லை. மொழியை கம்ப்யூட்டரில் ஏற்றவே பாதி நாள் போயிற்று. முதலில் ஒரு குட்டி ஏஜென்ட், வணக்கம் சொல்வதற்கு மட்டும். பெயர் வைத்தேன், வணக்கம் என்று எழுதினேன், கம்பைல் கொடுத்தேன். சிவப்பாக வந்து விழுந்தது: இந்த ஏஜென்டுக்கு வேலை என்னவென்று சொல்லப்படவில்லை. வேலையைச் சொன்னேன். யாரிடமிருந்து பேச்சு வரும் என்று சொல்லப்படவில்லை. அதையும் சொன்னேன். பேச்சு எழுத்தாகவா, ஒலியாகவா? ஒரு வணக்கத்துக்கு இத்தனை கேள்வியா என்று எரிச்சல் வந்தது. கடைசியில் ஒரு சிவப்பும் இல்லாமல் போய், ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் "வணக்கம்" என்றபோது, மாடியில் தனியாக உட்கார்ந்து நானும் வணக்கம் சொன்னேன்.

பிறகு பெரியதை எழுதினேன். எழுத எழுத பயம்தான். இல்லாத லோடை இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? ஒரே தேங்காய்க்கு இரண்டு லாரியை வத்திராயிருப்புக்கு அனுப்பிவிட்டால்? அதனால் அழைப்பை எடுக்கும் ஏஜென்ட் தகவல் கேட்டு வைத்துக்கொள்ளலாம், லோடை உறுதிசெய்யக் கூடாது, அதை அண்ணன் பார்த்து ஒரு பட்டனை அழுத்தினால்தான் ஆகும் என்று கட்டிவைத்தேன். ஒருநாள் அசதியில் உறுதிசெய்யும் வேலையையும் அதனிடமே கொடுத்து எழுதியிருக்கிறேன். கம்பைலர் நின்றுவிட்டது. இதற்கு அந்த அனுமதி இல்லை என்றது. அதற்கு ஒரு காப்பி போட்டுக் கொடுக்க முடியாதே என்று எனக்கு வருத்தமாகப் போயிற்று.

கஷ்டம் அண்ணனிடம்தான். லாரி காலியாக இருந்தால் என்ன, பாதி லோடில் இருந்தால் என்ன, ஒர்க்‌ஷாப்பில் நின்றால் என்ன, ஒவ்வொன்றுக்கும் வழி எழுதாமல் கம்பைலர் விடாது. அதை நான் அண்ணனிடம்தானே கேட்க வேண்டும். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி ராஜபாளையம் போய் எதிரே உட்கார்ந்து கேட்பேன்.

"ஒரு லோடுக்கு ரெண்டு பேரு கேட்டா யாருக்குண்ணே?"

முதல்ல கேட்டவனுக்கு என்று டைப் அடித்தார். பிறகு அதை அழித்தார். ஊருக்குத் திரும்புதவனுக்கு என்று அடித்தார். அதையும் அழித்தார். வீட்டில் காரியம் நடந்தவன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவன், போன தடவை மோசமான லோடைச் சொல் தட்டாமல் ஏற்றிக்கொண்டு போனவன் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனார். விரல் தடுமாறியது. வேண்டாத எழுத்தெல்லாம் விழுந்தது. நான் கேள்வியை நிறுத்தியிருக்கலாம். அடுத்த கேள்வி பாக்கி இருக்கிறதே என்ற பயத்தில், "அப்பம் ரெண்டு பேருமே ஊருக்குத் திரும்புதவியளா இருந்தா?" என்று கேட்டுவிட்டேன். போனை மேசையில் விட்டெறிந்தார். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. செத்த நேரம் கழித்து எடுத்து அடித்துக் காட்டினார்: "ஏட்டி, இம்புட்டையும் டைப் அடிக்கதுக்கு நான் ஆபரேசன் பண்ணாமலே போயிருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன். அவரும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தார்.

இரண்டு நிபந்தனை வைத்தார். அவருடைய பழைய வாய்ஸ் மெசேஜ் என்னிடம் நிறையக் கிடந்தது. அதை வைத்து அவர் குரலிலேயே பேசவைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். மோதிரம் இரண்டு முறை மேசையில் விழுந்தது. இல்லை. பிறகு அடித்தார்: "மிஷின்னு சொல்லிரு. ஊமைன்னு சொல்லாத."

கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று நினைத்த நாளில் கம்பைலர் கடைசியாக ஒன்று கேட்டது. ஏஜென்டால் முடியாவிட்டால் யாரிடம் போகும் என்று சொல்லப்படவில்லை. அது ஒரு ஆளாக இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். நான் யோசிக்கவேயில்லை. கை தானாக அடித்தது. முடியாவிட்டால்: அண்ணன். எனக்குப் பாடம் வரவில்லை என்றாலும், வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும், அப்பா மூச்சுக்குத் தவித்தபோதும், எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அண்ணன்ட்ட சொல்லு என்றுதான் முடியும். நம்பரும் மனப்பாடம். கம்பைல் கொடுத்தேன். ஒரு சிவப்பு இல்லை. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சோதனை ஓட்டத்துக்கு ஆடிப்பூரத் தேரன்று நாள் குறித்தேன். அன்றைக்கு எங்கள் ரத வீதியில் தேர் வருவதற்காகக் கரண்டை நிறுத்தி ஒயரைக் கழற்றிவிடுவார்கள். மாடியில் உட்கார்ந்தால் வேலை நடக்காது. அதோடு சுற்றுப்பட்டு டிரைவர்கள் பாதிப் பேர் வடம் பிடிக்க வந்துவிடுவார்கள், போன் குறைவாக வரும், என்னைப் போன்றவளுக்கு அது தோது. கூட்டத்தில் பிதுங்கி, சுற்றுவழியில் விட்ட பஸ்ஸைப் பிடித்து, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தேன்.

மதினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஊரே அங்க தேரு பாக்க வருது. நீ தேரை விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கே" என்றார்கள்.

"இது ஓடுச்சுன்னா அடுத்த வருசம் எல்லாரும் சேந்து போவோம் மதினி" என்றேன்.

முதல் அழைப்பு வத்திராயிருப்புத் தேங்காய் வியாபாரி. திரையில் அவர் பேசுவது எழுத்தாக ஓடியது. "ஆபீஸ் மிஷின் பேசுறேன், சொல்லுங்க" என்றது ஏஜென்ட். "மிஷினா? அண்ணாச்சி மிஷின் வச்சுட்டாகளா? சரித்தான். நாளக்கழிச்சு எனக்கு ஒரு வண்டி வேணும்." எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொண்டது. அண்ணன் பட்டனை அழுத்தினார். பேண்டேஜ் கம்பெனியிலிருந்து ஒன்று வந்தது, அதுவும் சரியாகப் போயிற்று. அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எதிர் ஆபீஸைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய கெத்தைப் பார்த்தேன்.

அடுத்து வந்தவர் அண்ணனிடம் வெகுநாளாக ஓட்டுகிற டிரைவர். சிமெண்ட் லோடோடு புனலூரில் நிற்கிறார். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை.

"தார்ப்பாய் கிழிஞ்சு மேல் மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. குடவுன் பார்ட்டி எறக்க மாட்டேங்கான். என்ன செய்ய?"

நனைந்த சரக்குக்கு நான் வழி எழுதியிருக்கவில்லை. "புரியவில்லை, மறுபடி சொல்லுங்க" என்றது ஏஜென்ட். அவர் சத்தமாகச் சொன்னார். மறுபடியும் புரியவில்லை. "அண்ணனிடம் இணைக்கிறேன்" என்றது.

அந்த வரி திரையில் வந்த பிறகுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அண்ணன் சட்டைப் பையில் போன் அடித்தது. இத்தனை வருஷப் பழக்கம், எடுத்து ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, நாந்தான். அந்த மிஷினு ஒண்ணும் வெளங்காம பேசுது. இங்கன ஒரே மழை. அண்ணாச்சி? கேக்கா?"

அண்ணன் வாய் திறந்தது. ஒரு வருஷம் ஆகியும் வாய் மறக்கவில்லை. கழுத்துத் துணியில் காற்றுதான் வந்தது.

"ஏன் பேச மாட்டுக்கிய? எதுத்த ஆபீஸ்காரன் சொன்னது நெசந்தானா? ஆபீஸ வித்துட்டியளா அண்ணாச்சி?"

நான் எழுந்து போனைப் பிடுங்கப் போனேன். சிக்னல் இல்லை என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். அண்ணன் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். வலது கை மேசையில் இருந்தது. மோதிரம் மேசையைத் தட்டியது. டொக், டொக், டொக்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணாச்சி, நீங்கதானா?"

ஒரு தட்டு.

"யோசிக்கையில தட்டுவியளே, அந்தச் சத்தம். எனக்குத் தெரியாதா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேச முடியலயா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மதினியையும் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு.

"சரி" என்றார் டிரைவர். வேறு எதுவும் கேட்கவில்லை. "நான் கேக்கேன். ஆமான்னா ஒண்ணு தட்டுங்க. இல்லன்னா ரெண்டு. லோடத் திருப்பிக் கொண்டாந்துரவா?"

இரண்டு.

"நனைஞ்ச மூட்டைய மட்டும் தனியா வச்சுட்டு, மத்தத எறக்கச் சொல்லவா?"

ஒன்று.

"அப்பம் பார்ட்டிட்ட நீங்க ஒரு வார்த்த பேசு..." சொல்ல வந்ததை முழுங்கிவிட்டார். "நானே பேசுதேன். நீங்க லைன்ல இருங்க."

குடவுன்காரரிடம் அவர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவது எங்களுக்குக் கேட்டது. "அண்ணாச்சி லைன்ல இருக்காக. அவிய சொல்லுதத்தான் நான் சொல்லுதேன்." குடவுன்காரர் முதலில் முடியாது என்றார். டிரைவர் போனில் வந்து கேட்பார், அண்ணன் தட்டுவார், டிரைவர் போய் அதை நாலு வாக்கியமாக்கிச் சொல்வார். அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் காய்ந்த மூட்டைகளை இறக்கிக்கொள்கிறேன் என்று அந்தப் பக்கம் ஒத்துக்கொண்டார்கள்.

"முடிஞ்சுது அண்ணாச்சி. இத நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சொல்லாமல் இருப்பாரா? தேர் நிலைக்கு வருவதற்குள் செங்கோட்டை வரைக்கும் லாரிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அது பின்னால். அந்த நிமிஷத்தில் அண்ணன் போனை எடுத்து அடித்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "அதுல என் நம்பரப் போட்டது யாரு." கம்பைலர் ஒத்துக்கொண்டது என்று சொன்னால் அது ஒரு பதிலா? அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஆள், ஒரு நம்பர். அந்த ஆளுக்குப் பேச்சு இல்லை என்று எனக்கல்லவா தெரியும். தெரிந்தும் மறந்துபோயிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மதினி டீ கிளாஸை எடுத்துக்கொண்டே, அண்ணனைப் பார்த்துச் சொன்னார்கள். "அவ வேற யார் நம்பரப் போடுவா?"

அண்ணன் போனைத் திருப்பி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மறைத்ததை நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஒரு மில் மேனேஜர் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மதினியிடம் ரொம்பப் பிரியமாகச் சொன்னார். அதோடு அந்த மில் லோடு எதிர் ஆபீஸுக்குப் போய்விட்டது. சில டிரைவர்கள் நேரில் வந்து உட்கார்ந்து, கழுத்துத் துணியைப் பார்ப்பதும் பார்க்காதது போல ரோட்டைப் பார்ப்பதுமாக டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அழுதேவிட்டார். அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை, அவர் போன பிறகு அந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார் என்று மதினி சொன்னார்கள். எனக்குப் போனில் ஒரு வார்த்தை அடிக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் பார்ப்பேன். இருக்காது.

ஏஜென்டை நிறுத்தும்படி அண்ணன் சொல்லவில்லை என்பதால் அது ஓடிக்கொண்டிருந்தது. என்னென்ன அழைப்பு வந்தது என்று மாடியிலிருந்தே பார்த்தேன். பார்த்தால், அதனால் முடியாமல் அண்ணனிடம் போன அழைப்புகள் ஏகமாக இருந்தன. நான் பயந்துபோய் ஒவ்வொன்றின் பதிவையும் கேட்டேன். ஏஜென்டில் கோளாறே இல்லை. டிரைவர்கள் எடுத்த எடுப்பிலேயே "அண்ணாச்சிட்ட குடு" என்கிறார்கள். ஒருவர் வேண்டுமென்றே வாய்க்குள் எதையோ முணுமுணுக்கிறார், அது புரியவில்லை என்கிறது, மறுபடி முணுமுணுக்கிறார், அது இணைக்கிறது. அதன் பிறகு கேள்வியும் தட்டுமாக ஓடுகிறது. ஒருவர் லோடு பேசி முடித்ததும், மகள் கல்யாணத்துக்கு வருவியளா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறார். ஒரு தட்டு.

ஆனால் எல்லாரும் பழைய ஆட்களா? தஞ்சாவூரிலிருந்து ஒரு புது டிரைவர், இணைத்ததும் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு, தட்டுகிற சத்தத்தைக் கேட்டு, என்னய்யா விளையாட்டு என்று திட்டிவிட்டு வைத்திருந்தார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. அண்ணன் அதைக் காதில் வைத்துக் கேட்டிருப்பாரே.

அந்த வரியை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் தவித்தேன். எடுத்துவிட்டால் முணுமுணுக்கிறவர்கள் யாரிடம் போவார்கள்? கடைசியில் வரியை வைத்துக்கொண்டு, அண்ணன் எப்படிப் பதில் சொல்வார் என்பதையும் எழுதுவது என்று உட்கார்ந்தேன். அந்த மொழியில் பதில் என்றால் பேச்சு அல்லது எழுத்து. தட்டு என்று எழுதியதும் சிவப்பு வந்தது. இப்படி ஒரு பதில் வகை தெரியாது. நானே ஒரு வகை செய்தேன். தட்டு: ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. கம்பைல் கொடுத்தேன். இன்னும் ஒரு வழி பாக்கி இருக்கிறது என்றது.

எந்தத் தட்டும் வராவிட்டால்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டை டாக்டர் படித்து முடிக்கும் வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை. கம்பைலருக்கு அதெல்லாம் தெரியாது, பட்டென்று கேட்டுவிட்டது. அந்த இடத்தை நிரப்பாமல் விடவும் முடியாது. முதலில், காத்திரு என்று எழுதினேன். அதற்கும் பிறகு, மதினி என்று எழுதினேன். சிவப்பு போய்விட்டது.

அதோடு, இணைப்பதற்கு முன் ஏஜென்ட் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தையும் எழுதினேன். அவரைக் கேட்காமல் அதை ஓடவிட எனக்குத் தைரியமில்லை. இந்த முறை சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை, மறுநாளே பஸ் ஏறினேன்.

அண்ணன் தனியாக இருந்தார். நாற்காலியைக் கண்ணால் காட்டினார். நான் உட்காரவில்லை. லேப்டாப்பை மேசையில் வைத்து, "அண்ணே, இதை ஒரு தடவை கேட்டுருங்க. வேண்டாம்னா இங்கனயே அழிச்சுருதேன்" என்று சொல்லி, அழுத்தினேன்.

அந்தப் பெண் குரல் சொன்னது: "அண்ணாச்சி லைன்ல வாராக. அவியளால பேச முடியாது. ஆமா, இல்லைன்னு பதில் வருத மாதிரி கேளுங்க. ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல."

அண்ணன் திரையை விட்டுத் திரும்பினார். ரோட்டைப் பார்த்தார். எதிர் ஆபீஸ் வாசலில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, கிளீனர் பக்கவாட்டில் அடித்து அடித்துச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அது போய் நிற்கும் வரைக்கும் பார்த்தார். அதன் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிரம் எழுந்து, ஒருமுறை விழுந்தது.

இரண்டாவது வந்துவிடுமோ என்று காத்திருந்தேன். வரவில்லை.